விழா யாருக்காக?

சில மாதங்களாக எனக்கு வரும் கடிதங்களில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வருகிறது. தங்கள் பங்குத்தந்தைக்கு, அண்ணனுக்கு, பழைய ஆசிரியருக்குக் குருத்துவ வெள்ளிவிழாவோ பொன்விழாவோ நெருங்குகிறது. என்ன செய்யலாம், எது கூடாது என்று கேட்கிறார்கள். இந்த இதழில் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பங்குப் பணியிலிருந்து ஓய்வுபெற்று முதிய குருக்கள் இல்லத்தில் இருக்கிறேன். என் பொன்விழாவும் முடிந்துவிட்டது. ஆகவே திருச்சபைச் சட்டம் சொல்வதையும் சொல்வேன், என் மனத்தில் பட்டதையும் சொல்வேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

எங்கள் பங்குத்தந்தை குருவாகி அடுத்த ஆண்டு 50 ஆண்டுகள் நிறைகின்றன. பங்குப் பேரவையில் பேச்செடுத்தபோது, "விழாவெல்லாம் வேண்டாம்பா, விட்டுடுங்க" என்று முடித்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்துவிடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். செய்யலாமா, சாமி?
— பங்குப் பேரவைச் செயலர் ஒருவர்

தெரியாமல் மட்டும் செய்யாதீர்கள், தம்பி. "வேண்டாம்" என்று ஒரு குரு சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. முதலில் அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஐம்பது ஆண்டு குருவாக இருந்தவருக்கு வயது எழுபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். பங்குத்தந்தை 75 வயது நிறைந்ததும் பணி விலகல் கடிதத்தை ஆயரிடம் கொடுக்கும்படி திருச்சபைச் சட்டம் 538 கேட்கிறது. உடனே ஏற்பதும் தள்ளிவைப்பதும் ஆயரின் முடிவு. எப்படியானாலும் பல குருக்களுக்குப் பொன்விழாவும் பிரியாவிடையும் ஒரே ஆண்டில் வந்து நிற்கின்றன. நீங்கள் விழா என்று சொல்வது அவர் காதில் "கிளம்புங்கள்" என்று விழக்கூடும். அப்படி நினைக்கிறாரா என்று அவரோடு நெருங்கிப் பழகும் ஒருவர் தனியாகப் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

வேறு காரணமும் இருக்கலாம். அவரோடு அதே நாளில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட, பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடந்தவர்கள், புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடக் கேட்டவர்கள், இன்று எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? சிலர் இறந்திருப்பார்கள். சிலர் குருத்துவப் பணியை விட்டுப் போயிருப்பார்கள். அவர்களை நினைக்காமல் எந்தக் குருவும் தன் திருநிலைப்பாட்டு நாளை நினைக்க முடியாது. வாழ்த்துமடலில் பழைய குழுப் புகைப்படத்தை அச்சிடுகிறவர்கள் விலகிப்போனவரின் முகத்தை வெட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். அவரை அழைக்கலாமா என்று உங்கள் தந்தையிடமே கேளுங்கள். "அழையுங்கள்" என்று அவர் சொன்னால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

செலவுக்கு அஞ்சியும் மறுப்பார்கள், புகழ்ச்சிக்குக் கூசியும் மறுப்பார்கள். அப்படியானால் மேடையை விட்டுவிடுங்கள், திருப்பலியை வைத்துக்கொள்ளுங்கள். அதை மறுக்க அவருக்கும் மனம் வராது என்று நம்புகிறேன். ஏனென்றால் நன்றி சொல்லும் உரிமை உங்களுடையது; அவர் கையால் திருமுழுக்குப் பெற்றவர்கள், அவர் அடக்கம் செய்தவர்களின் பிள்ளைகள் நீங்கள்தானே.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஹிப்போ நகர ஆயராக இருந்த புனித அகுஸ்தினார், தாம் திருப்பொழிவு பெற்ற நாள் ஆண்டுதோறும் வரும்போது மக்களுக்கு மறையுரை ஆற்றினார். "உங்களுக்காக நான் ஆயர், உங்களோடு நான் கிறிஸ்தவன்" என்ற புகழ்பெற்ற வரி அப்படி ஓர் ஆண்டு நாளில் அவர் சொன்னதுதான். முன்னது தம்மை அச்சுறுத்துகிறது, பின்னது ஆறுதல் தருகிறது என்று அதே மறையுரையில் சொல்லி, மக்களிடம் செபம் கேட்கிறார். திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே 8 அன்று முதன்முறையாக மக்கள் முன் தோன்றியபோதும் இந்த வரியைத்தான் எடுத்தார். உங்கள் தந்தைக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். மறுத்த மனம் இளகலாம்.

25, 50 என்று எண்ணிக் கொண்டாடுவது எங்கிருந்து வந்தது? இடையில் இறந்துபோகும் குருக்களின் பணி குறைந்ததா?
— மறைக்கல்வி ஆசிரியை

ஐம்பது என்ற எண் லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும்; விற்கப்பட்ட நிலம் உரியவருக்குத் திரும்ப வேண்டும்; அடிமைப்பட்டவர் வீடு திரும்ப வேண்டும். அதுதான் யூபிலி. 25 அதன் பாதி. வெள்ளி, பொன், வைரம் என்ற பெயர்களெல்லாம் உலக வழக்கு. அதில் தவறொன்றும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு: பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி 1815 ஆகஸ்டு 13 அன்று குருவானார், 1859 ஆகஸ்டு 4 அன்று இறந்தார். பொன்விழா காணவில்லை. இலங்கையில் மறைந்து திரிந்து நம்பிக்கையைக் காத்த புனித யோசேப் வாஸ் 1676இல் குருவாகி 1711இல் இறந்தார். அவரும் காணவில்லை. மாணவர்களுக்கு இந்த இருவரைச் சொல்லிக் கொடுங்கள், அம்மா. வேறு விளக்கம் தேவைப்படாது.

பொன்விழா நாள் தவக்கால ஞாயிறன்று விழுகிறது. அன்றே வைத்துவிட்டால் எல்லாரும் வர வசதி. திருப்பலியை எப்படி அமைப்பது?
— திருவழிபாட்டுக் குழுவினர்

அன்று குருத்துவ ஆண்டு நாளுக்கான திருப்பலியை வைக்க முடியாது. திருப்பலி நூலில், பல்வேறு தேவைகளுக்கான திருப்பலிகள் என்ற பகுதியில், குரு தம் திருநிலைப்பாட்டு ஆண்டு நாளில் சொல்லத் தனி மன்றாட்டுகள் இருக்கின்றன, அழகானவை. ஆனால் திருவருகைக்கால, தவக்கால, பாஸ்காக்கால ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் அவற்றைப் பயன்படுத்த ஆயராலும் அனுமதி தர இயலாது. ஆண்டின் பொதுக்கால ஞாயிறு என்றால் ஆயரின் அனுமதியோடு செய்யலாம். தவக்காலத்தில் பீடத்தை மலர்களால் அலங்கரிப்பதும் கிடையாது (தவக்காலத்தின் நான்காம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறு, பெருவிழா, விழா தவிர). "உன்னதங்களிலே" பாடுவதில்லை, அல்லேலூயா இல்லை. அந்த ஞாயிறைத் திருவிழாவாக மாற்ற முயன்றால் தவக்காலத்துக்கும் நியாயம் செய்ததாகாது, விழாவுக்கும் நியாயம் செய்ததாகாது.

உரிய நாளில் ஞாயிறுத் திருப்பலியை உள்ளபடி ஒப்புக்கொடுத்து, நம்பிக்கையாளர் மன்றாட்டில் அவருக்காகச் செபியுங்கள். பெருங்கூட்டத்தைப் பாஸ்கா எண்கிழமைக்குப் (உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள்) பிறகு ஒரு வாரநாளில் வையுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

ஆயர் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் இருந்தால் அவரே தலைமை ஏற்பது முறை. விழா நாயகரே தலைமை ஏற்கட்டும் என்று அவர் விரும்பினால், வார்த்தை வழிபாட்டுக்குத் தலைமை தாங்கி, முடிவில் ஆசீர் வழங்கலாம். அதற்கும் விதி இடம் தருகிறது. இதை முன்கூட்டியே அவருடைய செயலரோடு பேசி முடித்துவிடுங்கள். திருப்பொருளறையில் கடைசி நிமிடத்தில் பேசும் விஷயம் இல்லை இது.

மறையுரை நற்செய்தியைப் பற்றியதாக இருக்கட்டும். விழா நாயகரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க அது இடமில்லை. பொதுநிலையினர் மறையுரை ஆற்றவும் கூடாது. வாழ்த்துரைகளைத் திருப்பலி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படக்காரர் பீடத்தைச் சுற்றி வராமல் ஓரிடத்தில் நிற்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசகங்களுக்கு 1 பேதுரு 5:1-4, யோவான் 15:9-17, பதிலுரைக்குத் திருப்பாடல் 116: "ஆண்டவர் எனக்குச் செய்த எல்லா நன்மைகளுக்காகவும் நான் அவருக்கு என்ன கைம்மாறு செய்வேன்?"

பலர் அறியாத ஒன்றையும் சொல்கிறேன். குருத்துவத்தின் 25, 50, 60ஆம் ஆண்டு நிறைவில், தம் அழைத்தலின் கடமைகளை உண்மையோடு நிறைவேற்றுவதாக இறைவன் முன் மீண்டும் உறுதி எடுக்கும் குருவுக்குத் திருச்சபை நிறைபேறு பலன் வழங்குகிறது. மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் அருள் அது; பெரியவர்கள் இதைப் பரிபூரண பலன் என்பார்கள். அந்தத் திருப்பலியில் பக்தியோடு பங்கேற்கும் மக்களுக்கும் அது உண்டு. வழக்கமான நிபந்தனைகள்தாம்: ஒப்புரவு அருட்சாதனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம், பாவத்தின் மீது எந்தப் பற்றும் இல்லாத மனம். எனவே விழாவுக்கு முந்தைய நாள்களில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நேரம் ஒதுக்கி அறிவியுங்கள். அலங்கார வேலைக்குக் குழு போட்டவர்கள் இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க மறந்துவிடக் கூடாது.

விழா மலர் தயாரிக்கிறோம். வந்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் "அன்பின் சிகரம்", "பணிவின் இமயம்" என்றே இருக்கிறது. பெயரை மாற்றினால் எந்தக் குருவுக்கும் பொருந்தும். என்ன செய்வது?
— மலர்க்குழுவில் இருக்கும் கல்லூரி மாணவி

உன் கண் சரியாகப் பார்த்திருக்கிறது, மகளே. அந்தக் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேள்: "இவர் உங்களுக்காக எந்த நாளில், எங்கே, என்ன செய்தார்?" அரைப்பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்.

என் பொன்விழாவில் எனக்குக் கிடைத்தவற்றில் இன்றும் நான் வைத்திருப்பது ஒரு முதியவர் எழுதிக் கொடுத்த தாள். நான் இளம் குருவாக இருந்த ஒரு பங்கில் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைக் கரையான் அரித்திருந்தது. மழைக்கால இரவுகளில் உட்கார்ந்து, படிக்க முடிந்த பெயர்களையெல்லாம் புதிய ஏட்டில் பார்த்து எழுதினேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை, யாருக்கும் தெரியும் என்றும் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த முதியவருக்குத் தம் பிறந்த நாளை நிரூபிக்க வேறு ஆதாரமே கிடைக்காதபோது, அந்த ஏட்டிலிருந்து எடுத்த சான்றிதழால்தான் அவருக்கு ஓய்வூதியம் வந்திருக்கிறது. "உங்கள் கையெழுத்தில் என் அப்பா பெயரைப் பார்த்தேன் சாமி" என்று எழுதியிருந்தார். மேடையில் கேட்ட உரைகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. இந்தத் தாளை எத்தனையோ முறை எடுத்துப் படித்திருக்கிறேன்.

அதிலிருந்தே உனக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்பது சட்டம் 535. உங்கள் தந்தை பணியாற்றிய பங்குகளின் இப்போதைய குருக்களுக்கு எழுதி, அவர் கையொப்பமிட்ட திருமுழுக்குகள் எத்தனை, திருமணங்கள் எத்தனை, அடக்கங்கள் எத்தனை என்று எண்ணித் தரக் கேள். எண்ணிக்கை மட்டும் போதும். பக்கங்களைப் படமெடுத்து அச்சிடாதே. தத்து எடுத்த விவரம், திருமணம் செல்லாது என்ற குறிப்பு போன்ற பிறர் அறியக் கூடாத செய்திகள் ஓரங்களில் இருக்கும். வந்த எண்களை ஒரே பக்கத்தில், பங்குவாரியாக, ஆண்டுவாரியாகப் போடு. ஒரே ஆண்டில் அடக்கங்கள் சட்டென்று கூடியிருந்தால் அங்கே ஒரு நோயோ வெள்ளமோ வந்திருக்கும்; அந்த ஆண்டைப் பற்றி அவரிடமே கேட்டு எழுது. மலரில் எல்லாரும் நின்று படிக்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். ஒருவர் குருவானால் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவர் குழந்தையாகப் பதிவான அதே வரிக்கு எதிரே குறிக்கப்படும். உங்கள் தந்தையின் அந்த வரி எங்கோ ஓர் ஏட்டில் இருக்கிறது. அவர் சம்மதித்தால் அந்த ஒரு வரியை மட்டும் படமெடுத்து முதல் பக்கத்தில் போடு.

ஒப்புரவு அருட்சாதனத்தில் அவர் சொன்ன அறிவுரைகளைப் பற்றி யாராவது எழுதினால் சேர்ப்பதற்கு முன் யோசி. பாவ அறிக்கை செய்தவர் தம் விருப்பப்படி தம் அனுபவத்தை எழுதலாம். ஆனால் பாவ அறிக்கையின் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட குருவால் அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பதில் பேச முடியாது. அந்த மௌனத்துக்குள் அவரை இழுத்துவிடாதே.

பொன்விழாவுக்கு நிதி திரட்டியிருக்கிறோம். தங்கச் சங்கிலி போடலாம் என்கிறார்கள் சிலர், கார் என்கிறார்கள் சிலர். கொடுத்தது அவருக்குச் சொந்தமா, பங்குக்குச் சொந்தமா என்று இப்போதே சண்டை.
— நிதிக்குழு உறுப்பினர்

சண்டைக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. திருச்சபை நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் இருப்பவருக்குத் தரும் காணிக்கை, மாறான எண்ணம் தெளிவாகாத வரை, அந்த நிறுவனத்துக்கே தரப்பட்டதாகக் கொள்ளப்படும் என்கிறது எண் 1267. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தந்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே திரட்டும்போதே "தந்தையின் சொந்தத் தேவைக்கு" என்றோ "பங்கின் இன்ன பணிக்கு" என்றோ ரசீதில் எழுதிவிடுங்கள். எழுதாமல் வாங்கிய பணம் பிறகு அவருக்குத்தான் தலைவலி. திருப்பலிக் கருத்துக்காகக் கொடுக்கும் காணிக்கை வேறு கணக்கு. அதை இந்த நிதியோடு கலக்கவே கூடாது.

தங்கம் வேண்டாம். குருக்கள் எளிய வாழ்வு வாழ வேண்டும் என்று சட்டம் 282 சொல்வது அவருக்குத் தெரியும். மேடையில் வைத்துக் கழுத்தில் போட்டால் மறுக்கவும் முடியாது, அணியவும் முடியாது. எழுபத்தைந்து வயதில் ஒரு குருவுக்கு என்ன தேவை என்று அவர் அறையில் போய்ப் பாருங்கள். நல்ல காது கேட்கும் கருவி. கண் புரை அறுவைச் செலவு. குருக்கள் நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலை, பெரிய எழுத்தில் அச்சிட்டது. முதுகு வளையாமல் உட்காரும் நாற்காலி. இவற்றுக்குப் பிறகும் மீந்தால், மறைமாவட்டத்தில் நோயுற்ற, முதிய குருக்களுக்கான நிதி இருக்கும். அதில் அவர் பெயரால் சேருங்கள். அவருக்கும் நாளை அதிலிருந்துதான் மருந்து வரும்.

எங்கள் பங்கில் முன்பு இருந்த ஒரு குருவுக்கு வெள்ளிவிழா. கோவில் கட்டும் நிதிக்குப் பணம் தரவில்லை என்று, ஞாயிறு மறையுரையில் என் அம்மாவைப் பெயர் சொல்லி எல்லார் முன்னும் அவமானப்படுத்தியவர் அவர். அதன்பின் அம்மா கோவில் பக்கமே போகவில்லை. அப்படியே இறந்தும் போனார். இப்போது விழா மலருக்கு வாழ்த்து எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் என்ன எழுத, சாமி?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு மகள்

எழுத வேண்டாம், மகளே.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநீதி. அதை முதலில் ஒரு குருவின் வாயால் நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இறைவார்த்தையை விளக்கத்தான் வாசகமேடை. பணமில்லாத ஒரு தாயைக் கூனிக் குறுக வைக்க அங்கே எவருக்கும் உரிமை கிடையாது. வறுமை காரணமாக எவரும் அருட்சாதனங்களின் உதவியை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் 848 குருக்களுக்குக் கட்டளையிடுகிறது. உங்கள் அம்மா இழந்தார். அவர் கோவிலுக்கு வராமல் போனதைக் கடவுள் அவர் கணக்கில் எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

வாழ்த்து எழுதுவது கடமை இல்லை. விழாவுக்குப் போகாமல் இருப்பது பாவமும் இல்லை. "மன்னித்துவிட்டு மறந்துவிடு" என்று யாராவது சொன்னால், மன்னிப்பை அவசரப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். மன்னிக்கும் அருளைக் கேளுங்கள். அது வரும் நேரத்தில் வரட்டும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். அவர் கையிலிருந்து நீங்கள் பெற்ற நற்கருணை உண்மையான நற்கருணை. தகுதியற்றவர் கொடுத்த திருமுழுக்கு செல்லுமா என்று தொனாத்துவாதிகள் என்ற வட ஆப்பிரிக்கப் பிரிவினைக் குழுவினர் எழுப்பிய கேள்விக்கு, பேதுரு கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தினார் பதில் சொன்னார். நன்றித் திருப்பலி ஒரு குருவுக்கு நாம் வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழ் என்று எண்ணிவிடாதீர்கள். கடவுளுக்கு நன்றி சொல்கிறோம், அவ்வளவுதான். உங்களால் அன்று அங்கே உட்கார முடியாது என்றால் வேறொரு கோவிலில் அம்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேளுங்கள்.

முடியுமென்றால் அவருக்கு ஒரு தனிக் கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். எந்த ஞாயிறு, என்ன சொன்னார், அதன்பின் அம்மாவுக்கு என்ன ஆயிற்று, அவ்வளவு போதும். அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம்.

இதைப் படிக்கும் என் சகோதர குருக்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. லேவியர் நூல் 25:9ஐ எடுத்துப் பாருங்கள். யூபிலி ஆண்டின் எக்காளம் ஊதப்படும் நாள் எது? ஏழாம் மாதம் பத்தாம் நாள், பாவக் கழுவாய் நாள். கழுவாயில்தான் யூபிலி தொடங்குகிறது. விழா அழைப்பிதழ் அச்சாகும் முன், நாம் புண்படுத்தியவர்களில் நினைவுக்கு வரும் ஒருவரின் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கலாம். திருப்பலியும் "நான் பாவி" என்ற அறிக்கையோடுதானே தொடங்குகிறது. ஏற்புரையில் ஒரே ஒரு வாக்கியம் மன்னிப்புக் கேட்டுச் சொன்னால், அன்று வராமல் வீட்டில் இருக்கும் ஒருவரின் காதுக்கும் அது போய்ச் சேரும்.

குற்றம் என்று சொல்லத்தக்க எதுவும், குழந்தைகளுக்கோ எளியோருக்கோ இழைத்த கொடுமை எதுவும், இந்தப் பதிலில் அடங்காது. அது காவல்துறைக்குப் போக வேண்டியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட சட்டத்தின்படி மறைமாவட்டங்களில் அத்தகைய புகார்களைப் பெற ஓர் அமைப்பு இருந்தாக வேண்டும், அங்கேயும் கொடுங்கள். விழா வருகிறதே என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் பெரியப்பா குருவாகி 60 ஆண்டுகள் ஆகின்றன. நினைவு தப்பிவிட்டது, எங்களையே தெரியவில்லை. "அவருக்கே தெரியாத விழா எதற்கு?" என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.
— அவர் தூக்கி வளர்த்த தம்பி மகன்

உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள். அவருக்கு மறந்தாலும் கடவுளுக்கு மறக்கவில்லை, உங்களுக்கும் மறக்கவில்லை. திருநிலைப்பாடு அழியாத முத்திரை. நினைவோடு சேர்ந்து அது போய்விடுவதில்லை.

நான் இருக்கும் இல்லத்தில் அப்படி ஒரு மூத்தவர் இருக்கிறார். என்ன கிழமை என்று தெரியாது, சாப்பிட்டாரா என்று தெரியாது. திருப்பலியில் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்ற சொல் காதில் விழுந்ததும் அவருடைய இரண்டு கைகளும் தாமாக விரிகின்றன. அர்ச்சிப்பு வார்த்தைகளை எங்களோடு சேர்ந்து ஒரு சொல் பிசகாமல் சொல்வார். உங்கள் பெரியப்பாவிடமும் ஏதாவது ஒன்று அப்படித் தங்கியிருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன் குருமடத்தில் படித்தவர் லத்தீனில் பாடி வளர்ந்தவர். மாதாவைப் போற்றும் "சால்வே ரெஜினா" பாடலை மெல்லப் பாடிப் பாருங்கள்.

திருப்பலியை அவர் அறையிலோ இல்லத்தின் சிறிய ஆலயத்திலோ வையுங்கள். அரை மணிக்கு மேல் நீட்ட வேண்டாம். காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து. நிற்க முடியாத முதிய குரு உட்கார்ந்தபடியே திருப்பலி நிறைவேற்றச் சட்டம் 930 இடம் தருகிறது. மக்கள் கூடியிருந்தால் ஆயரின் அனுமதி வேண்டும். ஆனால் உங்கள் பெரியப்பா நிலையில் வேறொரு குரு தலைமை ஏற்பதே நல்லது. இவருக்குக் குருக்கள் தோளில் அணியும் ஸ்டோலை அணிவித்து அருகில் உட்கார வையுங்கள். அவர் கையை எடுத்து உங்கள் பிள்ளைகளின் தலையில் வையுங்கள். கூட்டம் சேர்க்காதீர்கள், சத்தம் போட்டு வாழ்த்தாதீர்கள். பழக்கமில்லாத முகங்கள் அவரைக் கலங்கடிக்கும். களைத்துவிட்டார் என்று தெரிந்தால் பாடலைப் பாதியில் நிறுத்திவிடுங்கள்.

"நீ முதிர்ந்த வயதை அடையும்போது கைகளை விரித்துக் கொடுப்பாய், வேறொருவர் உன்னைக் கட்டி, உனக்கு விருப்பமில்லாத இடத்திற்குக் கூட்டிச் செல்வார்" என்று யோவான் 21இல் ஆண்டவர் பேதுருவிடம் சொல்கிறார். "என் ஆடுகளைப் பேணி வளர்" என்ற கட்டளைக்கு அடுத்தபடியாகவே இது வருகிறது. ஓடியாடிச் செய்ததும் பணி, இப்படிக் கைவிரித்துக் கிடப்பதும் பணி.

உறவினர்களுக்கு வியட்நாம் கர்தினால் வான் துவானின் கதையைச் சொல்லுங்கள். 1953இல் குருவானவர். ஆயராக இருந்தவரை 1975 ஆகஸ்டில் பிடித்துச் சென்றார்கள். 1988 நவம்பரில்தான் விடுதலை. அதில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. அவருடைய வெள்ளிவிழா ஆண்டான 1978 அந்தச் சிறைக்காலத்துக்குள் வந்து போனது. வயிற்று வலி மருந்து என்று எழுதி உள்ளே அனுப்பப்பட்ட திராட்சை இரசத்தில் மூன்று துளியும், ஒரு துளி தண்ணீரும் உள்ளங்கையில் ஏந்தித் திருப்பலி நிறைவேற்றினார். மேடை இல்லை, மக்கள் இல்லை. அந்த வெள்ளிவிழாவை நடக்காத விழா என்று யார் சொல்வார்கள்?

நான் இந்து. என் பள்ளித் தோழர் குரு. அவருடைய வெள்ளிவிழாத் திருப்பலிக்கு அழைத்திருக்கிறார். உள்ளே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அவரை இனி எப்படி அழைப்பது?
— வங்கி ஊழியர்

மகிழ்ச்சியோடு போங்கள், ஐயா. மற்றவர்கள் எழும்போது எழுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். முழங்காலிடும் நேரத்தில் உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். நற்கருணை பெற வரிசையில் போகும்போது நீங்கள் இடத்திலேயே இருங்கள். அது கத்தோலிக்க நம்பிக்கையில் இணைந்தவர்கள் பெறுவது. உங்களை ஒதுக்கிவைப்பதாக எண்ண வேண்டாம். நம்பிக்கையாளர் மன்றாட்டு நேரத்தில் உங்கள் முறைப்படி அவருக்காக மனத்துக்குள் வேண்டிக்கொள்ளுங்கள்.

திருப்பலி முடிந்து வாசலில் எல்லாரும் "ஃபாதர்", "சாமி" என்று சூழ்ந்து நிற்பார்கள். நாலு பேர் முன்னால் நீங்களும் "ஃபாதர்" என்றே சொல்லலாம். கூட்டம் கலைந்ததும் பள்ளியில் கூப்பிட்ட பெயரில் கூப்பிடுங்கள். அந்தப் பெயரில் தன்னை அழைக்க இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் உங்களை அழைத்திருக்கிறார்.